பரிசலுக்கு எலுமிச்சம்பழம்

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களின் துணை சுகாதார நிலையங்கள் உங்களில் யாருக்காவது பொறுப்பாக வந்திருந்தால், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. "உங்களுக்கு ஆத்துப் பக்கம்" என்று உத்தரவு வந்த அன்று வேங்கிக்கால் ஆபீசில் எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி டீ வாங்கிக் கொடுத்தாள். வாயாடி, எங்கே போட்டாலும் சமாளித்துக்கொள்வாள் என்றுதான் என்னை அங்கே தள்ளினார்கள் என்று பின்னால் தெரிந்தது. செவிலியர் மேற்பார்வையாளராக ஓய்வு பெறும் வரைக்கும் நானும் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

ஊசி மருந்தை எப்படி வைப்பது, எடை எப்படிப் போடுவது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதற்குள் நான் போகப் போவதில்லை. ஓர் ஊரே திரண்டு நின்று உங்களிடம் நியாயம் பேசும். தலையும் புரியாது, வாலும் புரியாது. பக்கத்தில் ஓர் உயிர் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நடுத்திட்டில் நடந்ததை அதற்காகத்தான் சொல்கிறேன்.

நடுத்திட்டு என்பது தென்பெண்ணைக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். வருஷத்தில் பாதி நாள் மணலில் நடந்தே போய்விடலாம். மேலே அணையைத் திறந்தால் தீவு. அங்கே ஒரு துணை சுகாதார நிலையம், அதில் செல்வி என்று ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு ஒரே ஒரு பரிசல். அதை ஓட்டுகிறவர் முனுசாமி. ஊர் அம்மன் கோயிலில் கற்பூரம் காட்டுகிறவரும் அவரேதான்.

தண்ணீர் வரப்போகிறது என்று தகவல் வந்தால் நாங்கள் செய்யும் முதல் வேலை, திட்டில் இருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளை இந்தக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவது. அந்த வருஷம் தகவல் ஆயுத பூஜை அன்று காலையில் வந்தது. திட்டில் அப்போது நிறைமாதம் ஒரே ஒருத்திதான். பெயர் கலா. முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்தது. அப்படிப்பட்டவளுக்கு ஊரிலேயே வலி கண்டு, பழைய தையல் உள்ளே பிரிந்துவிட்டால், தாய் பிள்ளை இரண்டு பேரும் போய்விடுவார்கள். செல்வியிடம் சொல்லி அனுப்பினால் கலா மசிய மாட்டாள் என்று தெரியும். லீவு நாள் என்றும் பார்க்காமல் நானே கிளம்பினேன்.

எங்கள் ஜீப் டிரைவர் பாபு அன்றைக்கு வண்டிக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். "ஏறுங்க மேடம், பழத்த நசுக்கிட்டா ரைட்டு, இமயமலைக்கே போலாம்" என்றான். பழங்கள் நசுங்கின. தண்டராம்பட்டு ரோட்டில் வழி நெடுக எல்லா வண்டிகளும் அதே மாதிரி மாலையோடு ஓடிக்கொண்டிருந்தன. இது சாதாரண விஷயம் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரையில் பாபுவை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து திட்டுக்குப் போனேன். கலா வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கலா, கிளம்பும்மா. தண்ணி வுடப்போறாங்க."

"இன்னா மேடம், நல்ல நாளும் அதுவுமா. எங்க வூட்டு பூஜ முடியட்டும், சுண்டல் துன்னுட்டு சாயங்காலமா வர்றேன்."

"சாயங்காலம் ஆத்துல நீச்சல் அடிச்சா வருவ?"

"பரிசல் எதுக்கு இருக்குது?"

இப்படியே கொஞ்ச நேரம் போனது. அவள் மாமியார் எனக்கும் ஒரு கிண்ணத்தில் சுண்டல் கொண்டுவந்து வைத்தார். அதையும் தின்றேன், மறைக்க என்ன இருக்கிறது, நல்ல சுண்டல். கடைசி வாய் போடும்போது கலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். என் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது. தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. வலி அதையெல்லாம் பார்க்கவில்லை.

செல்வியைக் கூப்பிட்டேன். "பி.பி. பாரு, குழந்தை துடிப்பு பாரு, சீக்கிரம்."

செல்வி நின்ற இடத்திலேயே நின்றாள். "மேடம், மிஷின் பூஜையில இருக்குது."

"எந்த பூஜையில?"

கோயில் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஊரில் உள்ள அத்தனை ஆயுதமும் அம்மன் முன்னால் படுத்திருந்தது. அரிவாள், மண்வெட்டி, தையல் மிஷின், சவரக் கத்தி, அரிவாள்மனை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் புத்தகம். அதற்கு நடுவில் எங்கள் பி.பி. மிஷின், குழந்தைத் துடிப்பு கேட்கும் குழல், கத்தரிக்கோல், எடை மிஷின் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு. ஸ்டெதாஸ்கோப்பை அம்மன் கழுத்திலேயே மாட்டியிருந்தார்கள். காலையில் முனுசாமி பூஜை போட்டுவிட்டார். மறுநாள் அவரே கற்பூரம் காட்டி எடுக்கும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது. வைத்த கைதான் எடுக்க வேண்டும், அது அந்த ஊர் வழக்கம்.

"ஏன்டி, உனக்கு அறிவு இருக்கா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"நான் மாட்டேன்னுதான் சொன்னேன் மேடம். 'எங்க அரிவாளுக்கு ஒரு நாயம், உன் மிஷினுக்கு ஒரு நாயமா'ன்னு பொம்பளைங்க சண்டைக்கு வந்துட்டாங்க."

சரி, மிஷின் கிடக்கட்டும், கையும் காதும் இருக்கிறது என்று கலாவின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். துடிப்பு இருந்தது. அந்த நேரம் பார்த்து அணைப் பக்கத்திலிருந்து சங்கு ஊதியது. தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆற்றுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் நான் நடந்து வந்த இடத்தில் இடுப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் வைத்துத் தூக்கிப் போக வழியில்லை. மீட்புப் படகுக்குப் போன் போட்டேன். வருகிறோம் என்றார்கள், ஆனால் அவர்கள் வந்து சேருவதற்குள் ஆறு கரை புரண்டுவிடும். மிச்சம் இருப்பது பரிசல் ஒன்றுதான்.

கலா நம்பியிருந்த அந்தப் பரிசலும் பூஜையில்தான் இருந்தது, வேப்பமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. மேலே பெரிய பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம், சுற்றிலும் சாமந்தி மாலை. பக்கத்தில் முனுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முனுசாமிண்ணா, பரிசலை இறக்குங்க."

"நாளைக்குத்தான் மேடம். பூஜ போட்ட ஆயுதத்த எடுக்கக்கூடாது."

நான் கத்தினேன். மெமோ என்றேன், போலீஸ் என்றேன், கலெக்டர் என்றேன். எனக்கு எவ்வளவு குரல் உண்டு என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. நான் கத்தக் கத்த ஊரும் அவர் பக்கம் நகர்ந்து நின்றது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சத்தம் போட்டால் அதுவரை சும்மா வேடிக்கை பார்த்தவன்கூட எதிர்க்கட்சிக்குப் போய்விடுவான்.

அப்போதுதான் அக்கரையில் பாபு ஆரன் அடித்தான். திரும்பிப் பார்த்தேன். ஜீப் மாலையும் வாழைக்கன்றுமாக நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. குரலை இறக்கிக் கேட்டேன்.

"ஏம்ப்பா, என் ஜீப்புக்கும் இன்னிக்குப் பூஜை போட்டிருக்கு. அது மட்டும் எப்படி ஓடுது?"

கூட்டத்தில் ஒருவர் சொன்னார், "அது வண்டிங்க. வண்டிக்குப் பழம் நசுக்கிட்டா ஓட்டலாம்."

"அப்ப பரிசலும் வண்டிதானே. ஆளை ஏத்திகிட்டுப் போகுதில்ல?"

இப்படிக் கேட்டதும் ஊரே சபை கூடிவிட்டது. உள்ளே ஒருத்தி வலியில் துடிக்கிறாள், ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, இங்கே பரிசல் ஆயுதமா வண்டியா என்று விசாரணை.

"வண்டின்னா நம்பர் பிளேட்டு இருக்கணும்."

"சைக்கிளுக்கு ஏதுடா நம்பர் பிளேட்டு? காலையில நீ அதுக்குப் பழம் வெக்கல?"

"சைக்கிளுக்குச் சக்கரம் இருக்குது. பரிசலுக்கு எங்க இருக்குது சக்கரம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபத்தில் வந்ததா, அம்மன் கொடுத்ததா தெரியாது. "யோவ், அதுவே ஒரு சக்கரம்தான்யா! வட்டமா இருக்கு, சுத்திச் சுத்திப் போகுது. இதுக்கு மேல சக்கரத்துக்கு இன்னா வேணும் உங்களுக்கு?" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பரிசலைப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெரியவர், "வாஸ்தவம்தான்" என்றார். வாஸ்தவம், வாஸ்தவம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். என் உத்தியோகத்தில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் ஒரு தீர்மானம் நிறைவேறி நான் பார்த்ததில்லை.

அடுத்த சிக்கல் எலுமிச்சம்பழம். ஊரில் இருந்த பழமெல்லாம் காலையிலேயே சைக்கிளுக்கும் மோட்டார் பைக்குக்கும் போய்விட்டது. வீடு வீடாக ஓடினார்கள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கலாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள், "எங்க வூட்டு ஜாடியில உப்பு போட்டு ஊற வெச்சது இருக்குது, எடுத்தாந்து நசுக்கித் தொலைங்களேன்!"

"ஊறுகா செல்லுமா?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"வாயத் தொறந்தே, ஜாடிய உன் தலையில கவுத்துடுவேன்" என்றேன். செல்லும் என்று முடிவானது. உப்பில் ஊறிய நாலு எலுமிச்சம்பழத்தைக் கரையில் வைத்து, பரிசலை நிமிர்த்தி, அதன்மேல் இழுத்தார்கள். பழம் சளக்கென்று நசுங்கியது. கூட்டம் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன்.

முனுசாமி மட்டும் அசையவில்லை. "பரிசல் சரி. துடுப்பு?" என்றார்.

துடுப்பு மண்டபத்தில், அம்மன் காலடியில். அது ஆயுதம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அதைச் சக்கரம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பூஜையில் வைக்காத, தண்ணீர் தள்ளுகிற மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். எங்கள் துணை சுகாதார நிலையத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. நீளமான நல்ல பலகை. சுவரிலிருந்து பிடுங்கச் சொன்னேன்.

"மேடம், அது கவர்மெண்டு சொத்து" என்றாள் செல்வி.

"நானும் கவர்மெண்டு சொத்துதான்டி. நான் அந்தப் பரிசல்ல ஏறி உக்காரப் போறேன், எனக்கு மட்டும் யாரு கேக்கறாங்க?"

பலகையை முனுசாமியின் கையில் கொடுத்தேன். இனி சொல்வதற்கு அவரிடம் ஒரு காரணமும் இல்லை. பலகையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார். பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அப்போது நான் அதைக் கோபம் என்றுதான் நினைத்தேன். பரிசலைத் தண்ணீரில் தள்ளினார்.

கலா என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். மாமியாருக்கு இடமில்லை, கரையில் நின்று அழுதார். பலகையால் தண்ணீரை இரண்டு தள்ளு தள்ளினால் பரிசல் மூன்று சுற்று சுற்றியது. செங்காவித் தண்ணீர், அதில் முள்மரமும் வைக்கோலும் மிதந்து வந்தன. பாதி ஆற்றில் முனுசாமி வாயைத் திறந்தார்.

"மேடம், முன்ன ஒரு வருஷம் இதே ஆயுத பூஜ அன்னிக்கித்தான். இதே மாதிரி தண்ணி. என் தங்கச்சிய வலியோட இதுல ஏத்திகினு வந்தேன். ஒரு மரம் வந்து மோதுச்சு. பரிசல் கவுந்துடுச்சு. நான் ஒண்டி கரை ஏறுனேன்."

பூஜை, ஆயுதம், துடுப்பு என்று கரையில் அவர் பேசியதெல்லாம் இதற்காகத்தானா? அந்த மனுஷன் அம்மனுக்குப் பயப்படவே இல்லை. இன்னொரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இந்த ஆற்றில் இறங்கப் பயந்திருக்கிறார். வெளியே சொல்லக் கூசி, பூஜைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஊறுகாயை நசுக்கி நான் சாமியைச் சமாதானம் செய்துவிட்டேன், அவருடைய பயத்தை அப்படியே பரிசலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதற்குள் கலா மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அண்ணா, உன் கதைய கரையில சொல்லு. ஏ அம்மா... இப்ப தள்ளு! நான் சாவ மாட்டேன், சும்மா தள்ளு!"

முனுசாமி அழுதுகொண்டே தள்ளினார். ஒரு முள்மரம் எங்களைப் பார்த்து வந்தது. அவர் எழுந்து நின்று பலகையை அதன்மேல் ஊன்றி ஒரு உந்து உந்தினார். பலகை பாதியாக உடைந்தது, மரம் விலகிப் போனது. 'துணை சுகாதார' என்ற துண்டு ஆற்றோடு போய்விட்டது. மிச்சமிருந்த 'நிலையம்' என்ற துண்டை வைத்துக்கொண்டே எங்களைக் கரை சேர்த்தார். பாபு கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பரிசலைப் பிடித்தான்.

நான் போனில் சொல்லி வரவழைத்த ஆம்புலன்ஸ் தயாராக நின்றது, அதற்கும் மாலை. உள்ளே ஏறும்போது கலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், இதுக்குப் பழம் நசுக்கிட்டாங்களான்னு கேளுங்க, திரும்பவும் பஞ்சாயத்து வேணாம்" என்றாள். ஆஸ்பத்திரியில் நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. டாக்டரம்மா வெளியே வந்து, பழைய தையல் காகிதம் மாதிரி மெலிந்துபோயிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிழிந்திருக்கும் என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். முனுசாமி எனக்கு எதிரில் உட்கார்ந்து அழுதார். பாபு எங்கள் இருவருக்கும் பொதுவாக நின்று அழுதான்.

அர்த்தமில்லாததாகத் தெரியும் ஒரு விதியை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறாரென்றால் அதோடு மோதாதீர்கள், நேரம் இல்லாதபோது அதற்குள்ளேயே ஒரு வழி தேடுங்கள். அது பாதிதான். வேலை முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஆச்சுண்ணா என்று கேளுங்கள். முனுசாமியிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. ஊருக்கே தெரியும், எல்லோரும் தெரியாத மாதிரி இருந்துவிட்டார்கள்.

ஆறு இறங்கவில்லை. முனுசாமி இந்தக் கரையில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கினார். மூன்றாம் நாள் செல்வி ஆபீசுக்குப் போன் பண்ணினாள்.

"மேடம், முனுசாமிண்ணா அங்க இருக்காரு, இங்க பூஜைய எடுக்க ஆள் இல்ல. வெச்சது வெச்சபடியே கெடக்குது. அறுப்பு நிக்குது. ஆம்பளைங்க எல்லாம் தாடியோட சுத்தறாங்க. அரிவாள்மனை இல்லாம கத்திரிக்காயக் கையால பிச்சுக் கொழம்பு வெக்கறோம். பசங்க புஸ்தகமும் உள்ள இருக்குது, அதுங்க ஒண்டி குஷியா இருக்குதுங்க. என் மிஷின எடுக்கலாமா?"

முனுசாமியைக் கூட்டி வந்து என் மேஜை முன்னால் உட்கார வைத்து வீடியோ கால் போட்டேன். செல்வி மண்டபத்தில் போனைத் தூக்கிப் பிடித்தாள், பின்னால் ஊரே நின்றது. என் டிபன் பாக்ஸ் மூடியில் கற்பூரம் ஏற்றினோம். முனுசாமி எழுந்து நின்று போனுக்கு மூன்று சுற்று காட்டினார். கிளார்க்குகள் எழுந்து கும்பிட்டார்கள். புகை வாசம் பிடித்து அறையை விட்டு வெளியே வந்த எங்கள் அதிகாரி, என்ன ஏது என்று கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எடுத்துக்கோங்க" என்றார் முனுசாமி. அந்தப் பக்கம் ஒரே தள்ளுமுள்ளு. அரிவாள்கள் போயின, தையல் மிஷின் போயிற்று, செல்வி அம்மன் கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டாள். கடைசியில் துடுப்பு மட்டும் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

முனுசாமி போனைக் கிட்டத்தில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "செல்வி, அத எடுத்துகினு போயி ஆத்தோரம் வேப்பமரத்தாண்ட சாத்தி வை. இனிமே எந்த பூஜைக்கும் அத உள்ள கொண்டாராதீங்க" என்றார்.

"ஏண்ணா?"

"யாருக்கு எப்ப வலி எடுக்கும்னு அம்மனுக்கே தெரியலியேமா."